கடைசி ஷாட்டுக்கு ஒரு சிரிப்பு

"பொண்டாட்டி போய்ச் சேர்ந்து முழுசா மூணு மாசம் ஆகலை. மனுஷன் கண்ணாடி முன்னாடி உக்காந்து பல்லைக் காட்டிட்டிருக்கான். நல்லாவா இருக்கு இது?"

கலரக்கா ரகசியமாகத்தான் சொன்னாள். அவளுடைய ரகசியம் பக்கத்து அறைவரை மட்டும்தான் கேட்கும்.

சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "அது தொழில்க்கா. கார்ட்டூன் வரையறவங்க கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாத்துதானே வரைவாங்க? காண்டாமிருகம் வரையறப்போ மூக்கை விடைச்சிட்டே திரிஞ்சாரு. அப்ப ஒண்ணும் சொல்லலையே நீங்க?"

"காண்டாமிருகம் வேற, இது வேற. சட்டையைப் பாத்தீங்களா? இஸ்திரி மடிப்பு கலையலை. தலையை வேற படிய வாரியிருக்கான். எனக்கென்னமோ ரெண்டாம் கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரி தெரியுது."

"அடப்பாவமே!" என்று சவுண்ட்காரர் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அந்தச் சின்ன ஸ்டுடியோவில் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. படங்களுக்கு வர்ணம் அடிப்பதால் இவள் கலரக்கா. ஒல்லியாக இருந்துகொண்டு ஓயாமல் வரைவதால் கண்ணாடி முன்னால் இருக்கும் அவன் பென்சில். இயக்குநர் தாடி. மழமழவென்று ஷேவ் பண்ணி வந்தாலும் தாடிதான்.

ஒரு ஆஸ்பத்திரியில், டாக்டருக்காகக் காத்திருப்பவர்கள் பார்ப்பதற்கு மூன்று நிமிஷக் கார்ட்டூன் படம் ஒன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. ஒருத்தன் வீட்டு சோபாவில் ஒருநாள் ஒரு காண்டாமிருகம் வந்து தொப்பென்று உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் அவன் துக்கம். காலண்டர் தாள் பறக்கப் பறக்க அது ஆடாகி, பூனையாகி, கடைசியில் அவன் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது. அவன் சிரிக்கிறான். சுபம்.

"மூணு நிமிஷத்துல துக்கம் ஆறிடுமா சார்?" என்று கதை கேட்ட அன்றைக்கே கலரக்கா கேட்டாள்.

"பட்ஜெட் அவ்வளவுதான்மா" என்றார் தாடி.

பென்சில் வீட்டில் அப்படி ஆன பிறகு, "வேற யாரையாவது வரையச் சொல்றேன்ப்பா" என்று தாடி சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் வரைந்து முடித்துவிட்டான். அந்தக் கடைசிச் சிரிப்புதான் இழுத்தடித்தது. ஒன்று வரைந்தான். "துக்கம் ஆறினவன் மாதிரி இல்லையே, பல்வலி ஆறினவன் மாதிரி இருக்கே" என்றார் தாடி. இன்னொன்று வரைந்தான். அது தேர்தலில் நிற்பவன் மாதிரி இருந்தது.

இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் படம் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆறு மாச உழைப்பு அம்போ. இந்த நேரத்தில் இவன் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

மத்தியானம் கலரக்காவுக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் அவன் அறை வாசலில் நின்றாள்.

பென்சில் உதட்டை மெல்ல விரித்தான். புருவத்தைத் தூக்கினான். "ம்ஹூம்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"ஏன் தம்பி, நாள் பூரா உன்னை நீயே ரசிச்சிட்டிருந்தா நான் எப்ப கலர் அடிக்கறது? சிரிப்பு எங்க?"

அவன் திரும்பினான். "காலையிலயே அனுப்பிட்டேனேக்கா. தாடி ஓகே சொல்லிட்டாரு. உங்க கம்ப்யூட்டர்லதான் கிடக்கு."

கலரக்காவுக்குச் சுரீரென்றது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சமர்த்தாக உட்கார்ந்திருந்தது படம். காலையிலிருந்து அடுத்தவன் கதையைப் பேசிய வாய், கண்ணைத் தன் வேலையைப் பார்க்க விட்டால்தானே!

திறந்தாள். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. உதட்டோரம் கொஞ்சம், கண்ணில் கொஞ்சம். அவ்வளவுதான். கலரக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் வர்ணம் அடித்து முடித்தாள். அவள் வாயைத் திறக்காமல் வேலை பார்த்ததை சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

படம் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து 'பிரமாதம்' என்று பதில் வந்தது. தாடி எல்லோரையும் கட்டிப்பிடித்தார். கூடத்தில் ஒரே கைதட்டல்.

பென்சிலை மட்டும் காணோம்.

ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று கலரக்கா டீயோடு போனாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பை தோளில் மாட்டியாகிவிட்டது. செருப்பும் போட்டாகிவிட்டது. ஆனாலும் மனுஷன் கண்ணாடி முன்னாடி நின்று சிரித்துக்கொண்டிருந்தான்!

நல்ல வார்த்தை எல்லாம் பறந்துபோனது. டீயை டொக்கென்று மேஜையில் வைத்தாள்.

"நான் நினைச்சது சரியாப் போச்சு! படம்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் யாருக்குய்யா இந்த ஒத்திகை? மறைக்காம சொல்லிடு. எவ அவ?"

பென்சில் கோபப்படவில்லை. வெட்கப்பட்டவன் மாதிரி கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.

"என் மகளுக்குக்கா. இப்ப ஸ்கூல் பஸ் வந்துடும். இறங்கினதும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாக்கறா. அதைப் பாத்துட்டுத்தான், தானும் இன்னிக்குச் சிரிக்கலாமா கூடாதான்னு முடிவு பண்றா."