வியாழக்கிழமைக் கழிவு

"கட்டின புருஷன் கொண்டுவர்ற காயையே கழிச்சுத் தள்றவ, நம்ம காயையா விட்டுவைப்பா?"

கை கழுவும் இடத்தில் யாரோ யாரிடமோ சொன்னது, தணிக்கை அதிகாரியின் காதில் விழுந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு நாள் சோதனைக்காக வந்திருந்தாள். பீன்ஸைத் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, வெளிநாட்டுக்கு அனுப்பும் கூடம் அது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், வளையாத உடம்பு. இருந்தால் விமானம். இல்லாவிட்டால் கழிவு.

தரம் பார்க்கிறவளுக்கு அங்கே 'ஸ்கேல் அக்கா' என்று பெயர். எவர்சில்வர் ஸ்கேல் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அதிகாரிக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. பத்தொன்பது வருஷ வேலையில், சொந்தபந்தம் பார்க்காத ஆளை அவள் அதிகம் பார்த்ததில்லை.

பதிவேட்டைப் புரட்டும்வரைதான் அந்த மதிப்பு.

ஸ்கேல் அக்காவின் புருஷன் கொண்டுவரும் காய் மற்ற நாளெல்லாம் முதல் தரம். வியாழக்கிழமை வந்தால் மட்டும் நாலு பெட்டி கழிவு. வாராவாரம். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: 'வளைவு.'

கிழமை பார்த்து வளைகிற செடியை அதிகாரி கேள்விப்பட்டதில்லை.

அன்று வியாழக்கிழமை. கழித்து வைத்த பெட்டிகளில் ஒன்றிலிருந்து இருபது காய்களை எடுத்து அளந்தாள். இருபதும் பன்னிரண்டு. ஸ்கேலே தோற்றுப்போகும் நேர். கவரில் போட்டு, ஒட்டி, மேலே தேதி எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமைக் கணக்கில் சந்தேகம் என்று தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொன்னாள்.

ஒப்பந்தம் அவளுக்கு மனப்பாடம். விளைந்ததில் ஒரு காய்கூடக் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது. கழித்ததை மட்டும் விவசாயி திருப்பி எடுத்துப் போகலாம். அதற்குக் காசு கிடையாது.

ஆக, நல்ல காயைக் கழித்து, வெளியே கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்துகிற கூத்து.

அவன் வண்டி கிளம்பியது. அதிகாரியின் வண்டி பின்னாலேயே போனது.

அது நின்ற இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டு.

"வாங்கம்மா. கல்வி ஆபீஸா? மதியச் சாப்பாடு பார்க்க வந்தீங்களா?" என்றாள் சமையல்காரம்மா, கையைத் துடைத்துக்கொண்டே.

அதிகாரி திருத்தவில்லை. "இந்தக் காய் என்ன விலைக்கு வாங்கறீங்க?"

"விலையா? நல்லா கேட்டீங்க. இந்தப் பக்கம் பூரா பீன்ஸ்தான் விளையுது. எங்க பிள்ளைங்க அதைப் புத்தகத்துப் படத்துலதான் பார்த்துச்சுங்க. காய் இங்கேருந்து பிளேன் ஏறும். பாக்கெட் நூடுல்ஸ் அங்கேருந்து கப்பல்ல வந்து இறங்கும். வீட்ல காலையிலயும் அது, ராத்திரியும் அது. போன வருஷம் நர்சம்மா வந்து பார்த்துட்டு, பாதிப் பிள்ளைங்க உடம்புல ரத்தமே இல்லைன்னுட்டாங்க. அதுலேருந்து இவர் வியாழக்கிழமை தவறாம வர்றார். சும்மாத்தான் கொடுக்கறார்."

"கழிச்ச காய்தானே?"

சமையல்காரம்மா நிமிர்ந்தாள். "யார் சொன்னது? ஒண்ணை எடுத்து அளந்து பாருங்க. எங்க பிள்ளைங்க சாப்பிடறது எக்ஸ்போர்ட் குவாலிட்டிம்மா."

அப்போதுதான் பெட்டியோடு உள்ளே வந்த புருஷன், அதிகாரியின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தான். பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க மேடம். வேலை போயிட்டா அவளுக்கு வேற எதுவும் தெரியாது. அந்த ஸ்கேலைத் தவிர."

"நிஜமாவே வளைஞ்ச காயைக் கொடுக்கலாமே. அதுல தப்பே கிடையாதே?"

"முதல் வாரம் அதைத்தான் கொடுத்தோம்." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "இங்க படிக்கிற முக்கால்வாசிப் பிள்ளைங்க, கூடத்துல வேலை செய்யறவங்க பிள்ளைங்க. ஒரு பொண்ணு தட்டைப் பார்த்துட்டு, 'இது வேணாம்னு எங்கம்மா தூக்கிப் போட்டது'ன்னு தள்ளி வச்சிருச்சு. அன்னைக்கு வீட்ல என் பொண்டாட்டி சோத்துல கை வைக்கலை. 'கண்ணால பார்க்காதவனுக்கு முதல் தரம், கூட இருக்கிற பிள்ளைக்குக் கழிச்சதா'ன்னா. நம்ம நிலத்துல நல்லதா நாலு பெட்டி எடுத்துவைன்னா. நஷ்டம் எங்களோட மட்டும்தான் மேடம். அடுத்தவன் காய் ஒண்ணைக்கூட அவ அநியாயமாக் கழிச்சது கிடையாது."

சமையல்காரம்மா அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அதிகாரியின் போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"அந்த வியாழக்கிழமைக் கணக்கு என்னாச்சும்மா? சாம்பிள் எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன் சார்."

"நீளம்?"

"அளந்து சொல்றேன் சார்."

போனை வைத்தாள். கைப்பையிலிருந்து கவரை எடுத்துக் கிழித்தாள். இருபது பீன்ஸையும் பலகையில் பரப்பி, சமையல்காரம்மாவிடமிருந்து கத்தியை வாங்கி, பொடிப்பொடியாக நறுக்க ஆரம்பித்தாள்.