வீணை இடைவெளி

தியானச் செயலி ஒன்றுக்கு வசுமதி குரல் கொடுத்திருந்தாள். வீணைப் பின்னணியில் அவள் சொல்லச் சொல்ல, முகம் தெரியாத எத்தனையோ பேர் மூச்சை இழுத்து விட்டார்கள். அவள் கணவர் தண்டபாணியும்தான். தினமும் காலையில் பாயில் சம்மணமிட்டு, ஸ்பீக்கரில் ஒலிக்கும் அவள் குரலுக்கு அப்படியே கட்டுப்படுவார். நேரில் அவள் வாயைத் திறந்தால் மட்டும் கையை உயர்த்துவார்.

"என்னங்க, புதன்கிழமை டாக்டர்கிட்ட..."

"ஷ்! தியானத்துல இருக்கேன்ல? அப்புறம் சொல்லு."

அந்த அப்புறம் மூன்று நாளாக வரவே இல்லை. குளித்ததும் ஆபீசுக்கு ஓடினார். வந்ததும் போனில் மூழ்கினார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. பதிவில் குரல் ஓய்ந்து வீணை மட்டும் ஒலிக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்து அவர் காதருகே குனிந்தாள். செயலியில் பேசும் அதே நிதானத்தில் சொன்னாள்:

"மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள். என் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. நாளை ஒன்பது மணிக்கு ஸ்கேன். நீங்கள் என்னுடன் வருகிறீர்கள். இப்போது மூச்சை மெதுவாக விடுங்கள்."

தண்டபாணி சாந்தமாகத் தலையசைத்தார். பிறகு திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"கட்டியா? ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

வசுமதி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். அவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.