மாப்பிள்ளை எழுதிய லெட்டர்

“அந்த லெட்டரை இப்படிக் குடுங்க சார்.”

சங்கரி கையை நீட்டியதும் அம்மா சுந்தரவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதை வேண்டுமானாலும் கேள், லெட்டரை மட்டும் கேட்காதே என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

காசிநாதன் நிமிர்ந்தார். மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர், பழைய ஹவில்தார். மகள் பூங்கொடியைப் பட்டாளத்துக்காரனுக்குத்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்.

“நீ யாரும்மா?”

“மாப்பிள்ளைக்குத் தங்கச்சி.”

“சிறுசேரியில ஐ.டி. வேலை சார்,” என்று அண்ணன் தீனதயாளன் முந்திக்கொண்டான். “ஏசி ரூம்ல குந்திகினு கம்ப்யூட்டர் தட்டறவ. லீவுல வந்துகீறா. நான் யூனிஃபார்ம் போட்டதுலேர்ந்து அம்மணிக்கு வயித்தெரிச்சல்.”

“உள்ள போய் காபி போடுடி,” என்றாள் அம்மா.

“நீயே போடு.”

காசிநாதன் லெட்டரைத் தரவில்லை. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

‘அம்மா, போனெல்லாம் வாங்கி வெச்சிட்டாங்க, அதான் லெட்டர். சுத்தி குண்டு விழுது. கூரையிலேர்ந்து மண்ணு கொட்டுது. அடிபட்ட ஒரு பையனுக்குத் தொடையில ரத்தம் நிக்கல. ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சுகினு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவங்கம்மா வைக்கிற மீன் குழம்பைப் பத்தியே பேசிகினு இருந்தான்.’

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பட்டாளத்து அடையாள கார்டு எதுவும் காட்ட வேணாம் தம்பி. அங்க நிக்காதவன் இதை எழுத முடியாது. தேதி குறிச்சிடலாம்.”

அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்கப் பாய்ந்தாள்.

“அவசரப்படாதீங்க சார்,” என்றாள் சங்கரி. “அந்தப் பையன் இன்னா ஆனான்னு உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க.”

தீனதயாளன் முறைத்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். “இன்னா ஆவான்? பொழைச்சுகினான். போன வாரம்கூட போன் பண்ணான் சார். கல்யாணத்துக்கு வந்து ஆடுறேன்னான்.”

அதுவரை கோபமாக மட்டுமே இருந்த சங்கரியின் முகம் வெளுத்தது.

“பொய். விடிஞ்சதும் செத்துட்டான்.”

காசிநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, கல்யாணத்தைக் கலைக்கத்தான் வந்தியா? லெட்டர்ல இல்லாதது உனக்கு எப்படித் தெரியும்? சிறுசேரியிலயா குண்டு விழுந்துச்சு?”

“வேணாண்டி!” அம்மா அவள் வாயைப் பொத்த வந்தாள். “நாளைக்கு உனக்கும் ஒருத்தன் வரணும்டி...”

சங்கரி அந்தக் கையைத் தள்ளினாள். காலையிலேயே கட்டி வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினாள். அவர் விரல்களிலிருந்து லெட்டரை உருவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். லீவு பாக்கி இருந்தது. அதை இந்த வீட்டில் கழிப்பதாக இல்லை.

செருப்பை மாட்டியபடி திரும்பினாள்.

“சிறுசேரின்றது அம்மா தெருவுக்குச் சொல்ற கதை சார். நான் மிலிட்டரி ஆஸ்பத்திரி நர்ஸு, லெஃப்டினன்ட் சங்கரி. அந்தப் பையன் ரத்தத்தை அழுத்திப் புடிச்சுகினு இருந்தது இந்தக் கைதான்,” என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க இறங்கி நடந்தாள்.