பிண்ணாக்கு ஃபார்முலா

“சார், நல்லகாமன் அண்ணன் என் பிண்ணாக்கைத் திருடுறாரு!”

பேராசிரியர் கைலாசநாதன் காப்பி டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தார்.

“பிண்ணாக்கையா?”

“ஃபார்முலாவை சார்!” முத்துத்தாய்க்கு மூச்சு வாங்கியது.

எழுமலையிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் மருந்துக் காளான் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். கண்ணாடிக் குடுவையில் சத்துத் தண்ணீர் ஊற்றி, அதில் காளான் இழைகளை வளர்த்து, அது சுரக்கிற கோந்து மாதிரியான பாலிசாக்கரைடைப் பிரித்தெடுக்க வேண்டும். மருந்துச் சரக்கே அதுதான்.

காளானும் தேறவில்லை, கோந்தும் தேறவில்லை. ஸ்காலர்ஷிப்போ முடியப் போகிறது. நீட்டித்துக் கிடைக்காவிட்டால், ஊரில் அய்யா மாப்பிள்ளை பார்த்துத் தயாராக வைத்திருக்கிறார்.

போன மாதம், ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். அவ்வளவுதான். காளான் திமுதிமுவென்று வளர்ந்தது. கோந்து இரட்டிப்பு! அன்றிலிருந்து முத்துத்தாயின் நடையே மாறிப்போயிற்று. பக்கத்து அறை நல்லகாமனிடம்கூட ரகசியத்தைச் சொல்லவில்லை. அவனும் காளான் ஆராய்ச்சிக்காரன்தானே!

“மத்தியானம் கரண்ட் போனதும் நான் ஹாஸ்டலுக்குச் சாப்பிடப் போறேன்ல? அந்நேரம் என் ரூமுக்குள்ள நுழையிறாரு. நேத்து வெள்ளனத் திரும்பிட்டேன். என்னையப் பாத்ததும் வேர்த்து விறுவிறுத்து ஓடுறாரு சார்! களவாணி முழி!”

“சரி வாம்மா. இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிச்சிடுவோம்.”

மத்தியானம் வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. இருவரும் சத்தமில்லாமல் போய்க் கதவைத் தள்ளினார்கள்.

குடுவைகளை ஓயாமல் ஆட்டுகிற மெஷின் நின்றுபோயிருந்தது. அதிலிருந்த தட்டை அப்படியே குடுவைகளோடு மேசைக்கு இறக்கி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான் நல்லகாமன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“என்ன அண்ணே செய்யிறீக?”

“கோவிச்சுக்கிராத தாயி. ஆட்டம் நின்னா உள்ள காத்து இறங்காது, காளான் மூச்சு முட்டிப் போகும். ஒரு மாசமா நாந்தான் ஆட்டிவிடுறேன். உனக்கு ஸ்காலர்ஷிப் முடியப் போகுதுல்ல? சொன்னா வேணாம்பே.”

பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்துத்தாய் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இம்புட்டும் வளர்ந்தது உன் பிண்ணாக்கிலயா, இவன் கையிலயா?”

அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பக்கத்து அறை திறந்து கிடந்தது. உள்ளே நல்லகாமனுடைய குடுவைகள் ஆடாமல் அசையாமல் நின்றன. அடியில் நாலு இழை வெளிறிப்போய்ப் படிந்திருந்தது.

“அப்ப... உங்க காளான், அண்ணே?”

தட்டை ஆட்டுவதை நிறுத்தாமலே நல்லகாமன் சொன்னான்:

“நமக்குக் கை ரெண்டுதானே தாயி இருக்கு!”