முதல் மடக்கு

"அதிகாரி கெழக்குப் பாத்து. நான் அவருக்கு எடது கைப்பக்கம். நீ நடுவுல, இந்தக் கை வச்ச நாற்காலியில," என்று பஞ்சநதம் இடம் பிரித்தார்.

வீரையன் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். "நான் தரையிலயே குந்திக்கிறனே ஆண்டே."

"தரையில குந்துறவனுக்குப் பத்து ஏக்கர் இருக்குன்னா எவன்டா நம்புவான்? உக்காரு."

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, பண்ணையாள் வீரையன் பேருக்குப் பஞ்சநதம் மாற்றி எழுதிய நிலம் அது. நடுவிலிருந்த இந்தக் களத்து வீடும் பத்திரப்படி அவனுடையதுதான். உண்மையில் அவன்தான் உடைமைக்காரனா என்று விசாரிக்கத் தஞ்சாவூரிலிருந்து அதிகாரி ஜெக்கரியா வருகிறார். பினாமி என்று தெரிந்தால் நிலம் சர்க்காருக்குப் போய்விடும்.

மேசைமேல் ஒயின் பாட்டில் இருந்தது. மதுவிலக்கை எடுத்த வருஷம் என்பதால் அதை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து மச்சான் தியாகேசன் வாங்கி அனுப்பியது.

"வர்ற அதிகாரி வெள்ளக்காரங்களோட பழகுனவராம். பாட்டில் தொறக்கிற மொறையப் பாத்தே வீட்டுக்காரன் யாரு, எடுபிடி யாருன்னு சொல்லிப்புடுவாராம். நல்லாக் கேட்டுக்க. தக்கையச் சத்தமில்லாம உருவணும். மொத மடக்கு வீட்டுக்காரன் குடிச்சுப் பாக்கணும், சரக்கு கெட்டுப் போயிருக்கான்னு. அப்புறந்தான் விருந்தாளிக்கு. போகும்போது விருந்தாளிய வேலிப் படல் வரைக்கும் கூட நடந்து வழியனுப்பணும்."

"ஆண்டைக்கு முந்தி நான் குடிக்கிறதா?"

"இன்னிக்கு நான் ஆண்டை இல்ல. பேரச் சொல்லிக் கூப்புடு."

"வாய் வராதுங்களே."

"வர வைடா."

"பஞ்ச..." அதற்குமேல் இருமல்தான் வந்தது.

"நாசமாப் போச்சு," என்று பஞ்சநதம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி வந்தார். சொன்ன இடத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வீரையன் தக்கையில் திருகுக் கம்பியை இறக்கினான். தக்கை பூப்போல வெளியே வந்தது.

வீரையன் தன் கிளாசில் கொஞ்சம் ஊற்றினான். மோந்து பார்த்தான். ஒரு மடக்கு குடித்துவிட்டு, அவசரப்படாமல் நாக்கைச் சுழற்றினான். காலி கிளாசைப் பிடித்தபடி பஞ்சநதம் காத்திருந்தார். பிறகு வீரையன் அதிகாரிக்கு ஊற்றி, கடைசியாகப் பஞ்சநதம் பக்கம் திரும்பினான்.

"எடுத்துக்கங்க பஞ்சநதம். மொதல்ல புளிக்கும். போகப் போகப் பழகிடும்."

ஜெக்கரியா சிரித்தார். பிறகு பஞ்சநதத்திடம் கேட்டார்: "இந்த நெலத்துலயோ வீட்டுலயோ உங்களுக்கு ஏதாச்சும் பாத்தியதை இருக்கா?"

"ஒரு குழிகூடக் கெடையாதுங்க."

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பஞ்சநதம் அப்படியே எழுதி, இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு, அடிக்கோடும் இழுத்தார்.

அதிகாரியின் ஜீப் மறைந்ததும் பஞ்சநதத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பயலே, என்னமா நடிச்ச. வாய் வராதுன்ன பேரு எப்படிடா வந்துச்சு?"

"ஒரு மடக்கு உள்ள போனதும் வந்துடுச்சு," என்றான் வீரையன்.

பஞ்சநதம் அங்கேயே உட்கார்ந்து மச்சானுக்கு நாலு வரி எழுதினார்: 'பாட்டில் வேலை செய்தது. அதிகாரி நம்பிவிட்டார். இனி நிலம் நம் கையை விட்டுப் போகாது.' கடிதத்தை மடித்து, எச்சில் தொட்டு ஒட்டி நீட்டினார்.

"ஓடிப்போயி தபால்பெட்டியில போட்டுட்டு வா."

வீரையன் நாற்காலியை விட்டு எழுந்தான். கடிதத்தை வாங்கவில்லை. மிச்சமிருந்த பாட்டிலைத் தக்கையால் அழுத்தி மூடிவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"போற வழியில நீங்களே போட்டுடுங்க பஞ்சநதம். வாங்க, படல் வரைக்கும் நானும் வர்றேன்."