ஒற்றைக் கட்டில்

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியின் வரவேற்பு மேசையில் அர்லீன் தன் அடையாள அட்டையையும் கிரெடிட் கார்டையும் சேர்த்து நீட்டுகிறாள். இரண்டுக்கும் நடுவே மடித்து வைத்த இருபது டாலர் எட்டிப் பார்க்கிறது. பெரிய அறை வேண்டுபவர்கள் இந்த ஊரில் இப்படித்தான் செருகிக் கொடுப்பார்கள். கணவன் வெர்னன் உயிரோடிருந்தபோது அவன் செருகினால் தாளின் ஓரம்கூட வெளியே தெரியாது. முதுகுக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓயாமல் கிணுகிணுக்கின்றன. யாருக்கோ பரிசு விழுந்து ஒரு கும்பல் கத்துகிறது. மேசைப் பெண் சிரித்தபடி பணத்தைத் திருப்பித் தள்ளுகிறாள். "இது எதுக்கு மேடம்? உங்க கிரெடிட் கார்டுக்கே சலுகையா பெரிய அறை உண்டு. ஜன்னல்ல நீரூற்று தெரியும். ரெண்டு பேருக்குக் காலைச் சாப்பாடும் இலவசம்." அர்லீன் தாளை மறுபடி அவள் பக்கம் நகர்த்துகிறாள். "அது வேணாம்னுதாம்மா இதைக் குடுக்கிறேன். சின்ன அறையாப் பாரு. சுவரைப் பாத்து இருந்தாலும் சரி. ஒத்தைக் கட்டில் போதும்." விசைப்பலகையில் ஓடிய விரல்கள் நின்றுவிடுகின்றன. "ஒத்தைக் கட்டில் இந்தக் கட்டடத்துலயே கிடையாதும்மா," என்கிறாள் பெண், குரலைத் தாழ்த்தி. அர்லீன் கட்டைவிரலில் கிடக்கும் வெர்னனின் மோதிரத்தைத் திருகுகிறாள். "சரி, இருக்கறதைக் குடு." பெண் அறைச் சாவி வைக்கும் உறையை எடுத்து, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்கிறாள். "சாவி ஒண்ணா, ரெண்டா?" "ரெண்டு," என்று அர்லீனின் வாய் அவளை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.