கடைசிக் கம்பி

கார் நிறுத்தும் அறையின் ஜன்னல் வழியே காலை வெயில் மேசைமேல் விழுகிறது. மழைக்காலம் முழுக்க இழைத்து, வளைத்து, ஒட்டிய தன் முதல் கிட்டாருக்கு அவள் கடைசிக் கம்பியை முறுக்குகிறாள். கணவன் குனிந்து காதைக் கிட்டே வைத்திருக்கிறான். "இன்னும் கொஞ்சம் ஏத்து. சுதி வந்துடும்." அவள் ஏற்றுகிறாள். பட்டென்று வெடிச்சத்தம். கம்பிகளைப் பிடித்திருந்த மரக்கட்டை பெயர்ந்து பறந்து அவன் முகத்தில் அடிக்கிறது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்கிறான். விரலிடுக்கில் ரத்தம். வெயிலில் மரத்தூள் மெல்ல இறங்குகிறது. தளர்ந்த கம்பிகள் இன்னும் கிணுகிணுக்கின்றன. அவள் மண்டியிட்டு அவன் கையை விலக்குகிறாள். புருவம் கிழிந்திருக்கிறது, இமை இறுக மூடியிருக்கிறது. "கண்ணைத் தொறங்க," என்கிறாள். "என்னைப் பாருங்க. தெரியுதா?" இமை துடிக்கிறது, நடுங்கி நடுங்கித் திறக்கிறது. "தெரியுது. உனக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" பிறகு அவள் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்தவன் பதறுகிறான். "ஐயோ, உன் கிட்டார்! பலகை ரெண்டா பொளந்து கிடக்குதும்மா." அவள் திரும்பவில்லை. அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்தபடி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இன்னொரு தடவை மூடித் தொறங்க," என்கிறாள்.